போர் போட்ட சீஜி 125: பிஸ்டன் தானாக இறங்கினால் போதுமா, அளக்க வேண்டுமா?

2025 ஜனவரி 9, மாலை. கேள்வி (கொட்டகலையிலிருந்து)

அண்ணே, மாமாவுடைய ஹொண்டா சீஜி 125 என் கைக்கு வந்திருக்கிறது. 2022இல் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு நாலு லீட்டர் பெட்ரோல் வாங்கிய காலத்தில் ஓரமாக நிறுத்தியது, அப்படியே கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. எஞ்சினை இறக்கியாச்சு, சிலிண்டரை போர் போட்டு (உள்துளையைக் குடைந்து பெரிதாக்கி) 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனும் வாங்கியாச்சு. எங்கள் பாஸ் (மெக்கானிக்) சொல்கிறார்: பிஸ்டனுக்கு ஒயில் தடவி சிலிண்டருக்குள் விடு, தன் பாரத்தில் மெதுவாக இறங்கினால் சரி, அதுதான் அளவு. மைக்ரோமீட்டர் எல்லாம் படித்தவன் விளையாட்டாம். உண்மையா? எதை எதை அளக்க வேண்டும்? என்னிடம் இருப்பது ஒரு பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய உருக்கு இலைகள்) மட்டும்தான்.

ஜனவரி 9, இரவு. பதில்

பாஸ் சொல்வது முழுப் பொய் இல்லை, பாதி. ஒயில் தடவினால் இறுக்கமான பிஸ்டனும் மெதுவாகத்தான் இறங்கும், கொஞ்சம் தளர்ந்த பிஸ்டனும் மெதுவாகத்தான் இறங்கும். ஒயில் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால் 0.02 மி.மீ. இடைவெளிக்கும் 0.06 மி.மீ. இடைவெளிக்கும் கையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ரோட்டில் ஒன்று ஜாம் ஆகும், மற்றது கடகடவென்று அடிக்கும்.

பீலர் கேஜ் ஒன்று போதும், முக்கால்வாசி வேலை முடியும். ஒயிலைத் துடைத்துவிட்டு, ரிங் போடாத பிஸ்டனைத் தலைகீழாக சிலிண்டருக்குள் விடு. பிஸ்டன் பின் (pin, பிஸ்டனைக் கோர்க்கும் ஆணி) துளைக்குக் குறுக்குப் பக்கம், அதாவது பிஸ்டன் சுவரில் மோதும் பக்கம், 0.04 இலையைக் கூடவே விட்டு இழுத்துப் பார். லேசாகப் பிடித்து வர வேண்டும். 0.03 சும்மா வர வேண்டும், 0.06 போகவே கூடாது. இது நான் காற்றில் குளிரும் சின்ன எஞ்சினுக்கு வைத்திருக்கும் கணக்கு. அகலமான இலை வேண்டாம், சிலிண்டரின் வளைவில் பொய் சொல்லும். ஒல்லி இலை பார்த்து எடு.

அப்பா பெக்டரியில் பிட்டராக இருந்தவர். பழைய ஒயில் எஞ்சினுக்கு இதே வேலையை இலையின் நுனியில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்துச் செய்வார். எத்தனை இறாத்தல் இழுத்தால் இலை நகர்கிறது என்பதுதான் அளவு. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசு மட்டும் வேண்டாம் என்பார். அது என்ன இழுத்தாலும் ரெண்டு கிலோ குறைத்துத்தான் காட்டும்.

மற்றவை: ரிங் வாய் (ரிங்கின் ரெண்டு முனைக்கும் நடுவே உள்ள) இடைவெளி, பள்ளத்துக்குள் ரிங்கின் இடைவெளி, கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) ஆட்டம், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள தூரம், கடைசியில் டெப்பட் (வால்வை அமுக்கும் இடத்தில் விடும் இடைவெளி). ஒவ்வொன்றாக எழுதுகிறேன். இப்போது குளிர், விரல் ஓடவில்லை.

ஜனவரி 12

ரிங் வாய். பிஸ்டனில் போடுவதற்கு முன் ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாயில் பீலர் இலையை நுழை. விட்டத்தில் ஆயிரத்துக்கு நாலு பங்கு என்று மனதில் வைத்துக்கொள். உன் சிலிண்டர் 56.5 கூட்டல் 0.5, ஆக 57 மி.மீ. அதில் ஆயிரத்துக்கு நாலு 0.23 மி.மீ. கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. குறைந்தால் ஆபத்து. சூட்டில் ரிங் நீண்டு வாய் முட்டினால் சிலிண்டரை உழுதுவிடும்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது, போர் கேஜ் (சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் கருவி) இல்லாதவனுக்குப் போர் கேஜ் இதுதான். ஒரே ரிங்கை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் வைத்து அள. ரிங் வட்டமாக விரிகிறது, அதனால் விட்டம் 0.01 கூடினால் வாய் 0.03க்குச் சற்று மேல் திறக்கும். வாய் அளவின் வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டத்தின் வித்தியாசம். தேய்ந்த சிலிண்டர் ஒன்றில் மேலே 0.52, கீழே 0.30 பார்த்திருக்கிறேன். வித்தியாசம் 0.22, வகுத்தால் 0.07 மி.மீ. சரிவு. போர் போடாமல் ரிங் மட்டும் மாற்றச் சொன்ன ஆளிடம் அந்தக் கணக்கைக் காட்டித்தான் வாயை மூடினேன்.

ஓவலாக இருந்தால் இது காட்டாது. ரிங் எல்லாப் பக்கத்தையும் சேர்த்து ஒரே கணக்காகச் சொல்லிவிடும்.

ஜனவரி 13

கேள்வி கேட்ட தம்பி அளந்து போட்டிருக்கிறார்: மேலே 0.20, நடுவே 0.25, கீழே 0.25. புதிதாகப் போர் போட்ட சிலிண்டரில் மூன்றும் ஒன்றாக வர வேண்டும். 0.05ஐ வகுத்தால் 0.016. மேல் வாய் அவ்வளவு இறுக்கம். ஹோன் கல் (சிலிண்டர் உள்சுவரைத் தேய்த்து முடிக்கும் கல்) மேலே போதுமான அளவு ஓடவில்லை. லேத்துக்குத் திருப்பிக் கொண்டுபோ தம்பி. சண்டை பிடிக்காமல் கேள், நாலு ஓட்டு ஓட்டித் தருவார்கள். பிஸ்டனையும் கூடவே கொண்டுபோ. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பெரிய கதை, பொங்கல் முடியட்டும்.

ஜனவரி 15

2016இல் நானும் ஒரு சீஜி 125 கட்டினேன். அதே 0.50 பிஸ்டன், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் வாங்கியது. பிஸ்டனை வீட்டில் வைத்து அளந்து, அளவைக் கடதாசியில் எழுதி, சிலிண்டரை மட்டும் பஸ்ஸில் கொழும்பில் ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். 0.04 இடைவெளி வருகிற மாதிரி 56.97க்குப் போடச் சொன்னேன். பட்டறைக்காரர் போனில், "பிஸ்டனைத் தாங்க, பார்த்துப் போடுகிறேன்" என்றார். அளவு கொடுத்திருக்கிறேனே, போடுங்கள் என்றேன். போட்டு அனுப்பினார்.

கட்டியதும் எஞ்சின் பூனை மாதிரி ஓடியது. நானுஓயாவிலிருந்து கம்பளை வரை இறக்கம், ஒன்றுமே இல்லை. திரும்பி ஏறும்போது புசல்லாவை தாண்டி, இறம்பொடை வளைவுகளில் மூன்றாம் கியரில் இழுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வேகம் குறைந்தது. கிளட்சைப் பிடிப்பதற்குள் பின் டயர் வழுக்கியது. ஓரமாக நிறுத்தி, நீர்வீழ்ச்சியைப் பார்க்க வந்தவன் மாதிரி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறியதும் கிக் இறங்கியது. ஓடியது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்குத் தெரியும்.

பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் ரெண்டு பக்கமும், பாவாடையின் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள சுவரின்) கீழ்ப் பாகத்தில், பளபளவென்று உரசல். பட்டறைக்காரனைத் திட்டாத திட்டு இல்லை. கொழும்பு வெயிலில் 30 டிகிரியில் போட்டுவிட்டு எங்கள் 12 டிகிரிக்கு அனுப்பினால் இப்படித்தான் ஆகும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒன்பது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 16

ரெண்டு பேர் கணக்குக் கேட்டார்கள். இதோ. பிஸ்டன் அலுமினியக் கலவை, ஒரு டிகிரிக்கு மில்லியனில் 20 பங்கு விரியும். சிலிண்டரின் உள்குழாய் இரும்பு, 11 பங்கு. நான் விடியற்காலையில் 12 டிகிரியில் பிஸ்டனை அளந்தேன். அவர் 30 டிகிரியில் போர் போட்டார். இடையே 18 டிகிரி. 57 மி.மீ. பிஸ்டன் அதில் 0.02 விரியும். நான் கேட்டது 0.04. பாதி போய்விட்டது. தீர்ந்தது வழக்கு.

ஜனவரி 19

தீரவில்லை. பதுளையிலிருந்து லேத் வேலை செய்யும் ஒருவர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "உங்கள் மைக்ரோமீட்டர் எந்தக் குளிரில் இருந்தது?"

ரெண்டு நாள் இதை நினைத்துக்கொண்டே திரிந்தேன். அவர் சொல்வது சரி. மைக்ரோமீட்டர் உருக்கு. இரவு முழுக்க அதுவும் பிஸ்டனுக்குப் பக்கத்தில் அதே மேசையில்தான் கிடந்தது, அதுவும் சுருங்கித்தான் இருந்தது. இரும்பை உருக்குக் கருவியால் அளந்தால் குளிரோ வெயிலோ ஏறக்குறைய ஒரே அளவுதான் காட்டும், ரெண்டும் சேர்ந்து விரிகின்றன, சேர்ந்து சுருங்குகின்றன. அவர் கொழும்பில் அளந்த சிலிண்டரில் பிழையே இல்லை. அலுமினியத்தை உருக்கால் அளக்கும்போதுதான் வித்தியாசம் வரும், அதுவும் ரெண்டு விரிவுக்கும் நடுவே உள்ள 9 பங்கு மட்டும். அளவுக் கருவிகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் வெப்பநிலை 20 டிகிரி. அதிலிருந்து என் 12 டிகிரி வரை 8 டிகிரி. 57ஐ 9ஆல், அதை 8ஆல் பெருக்கி மில்லியனால் வகுத்தால் 0.004. ஒரு மி.மீ.யின் நூறில் அரைப் பங்குகூட இல்லை. அதை வைத்து எந்த எஞ்சினும் ஜாம் ஆகாது.

ஆக 16ஆம் தேதி எழுதிய "பாதி போய்விட்டது" தவறு. வெட்டாமல் விட்டு வைக்கிறேன், அவமானம் அங்கேயே கிடக்கட்டும்.

சூடு வேறொரு வழியில் கெடுக்கும். கருவி ஒரு சூட்டிலும் பொருள் வேறொரு சூட்டிலும் இருந்தால்தான் பிரச்சினை. குளிரில் பிஸ்டனை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு "அளக்கலாமா வேண்டாமா" என்று பேசிக்கொண்டிருந்தால் அது பத்துப் பதின்மூன்று டிகிரி ஏறிவிடும். மைக்ரோமீட்டர் குளிராகவே இருக்கும். அப்போது 0.015 அளவுக்குப் பெரிதாகக் காட்டும். ரெண்டையும் ஒரு மணி நேரம் ஒரே பலகையில் வைத்துவிட்டு அள. தேத்தண்ணீர்க் கிளாசையும் அதே பலகையில் வைக்காதே.

ஜனவரி 20

அப்படியென்றால் ஏன் ஜாம் ஆனது? இரவு பழைய பெட்டியைக் கிளறி 2016 கொப்பியை எடுத்தேன். என் கையெழுத்தில் இருக்கிறது: "பிஸ்டன் 56.93, ஒயில் ரிங்குக்குக் கீழே."

ஒயில் ரிங்குக்குக் கீழே.

பிஸ்டன் உருளை இல்லை. மேலே சிறுத்து, கீழே பெருத்து, பின் துளைப் பக்கம் ஒடுங்கி இருக்கும். தலைப் பக்கம் அதிகம் சூடாகும், அதிகம் விரியும், அதனால் அப்படிச் செய்கிறார்கள். அளக்க வேண்டிய இடம் பாவாடையின் அடியிலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. மேலே, பின்னுக்குக் குறுக்காக. நான் மேலே, ஒடுங்கிய இடத்தில் அளந்திருக்கிறேன். அந்த பிஸ்டனை இன்னும் எறியவில்லை (மனைவி அதில் பேனா போட்டு வைத்திருக்கிறாள்). பேனாக்களைக் கொட்டிவிட்டு, உரசல் படாத ஓரத்தில் அளந்தேன். 56.96. சிலிண்டர் 56.97. இடைவெளி 0.01. கீழ்ப் பாவாடையில் உரசியதும் அதனால்தான். பிஸ்டனே சொல்லியிருக்கிறது, நான்தான் வாசிக்கவில்லை.

பட்டறைக்காரர் பிஸ்டனைக் கேட்டார். கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. ஒன்பது வருடத் திட்டுக்கு அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். போன் நம்பர் மாறிவிட்டது.

ஜனவரி 21

"அப்போ பாஸ் சொன்ன மாதிரி பிஸ்டனை விட்டுப் பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்குமே?" என்று கொட்டகலைத் தம்பி கேட்கிறார்.

பிடிபட்டிருக்கும். 0.01 என்றால் துடைத்த பிஸ்டன் உள்ளே போகவே முரண்டு பிடிக்கும். நான் விட்டுப் பார்க்கவே இல்லை. மைக்ரோமீட்டர் இருக்கிறதே என்ற திமிர். பாஸிடம் இதைச் சொல்லிவிடாதே.

ஜனவரி 26

பிளாஸ்டிகேஜ் வைத்துக் கொன்ரொட் பியரிங்கை அளக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். அளக்க முடியாது. அந்த மெழுகு நூல் நசுங்கும் அகலத்தைப் பார்த்து இடைவெளி சொல்வது காருக்கு, ரெண்டு பாதியாகக் கழறும் செல் பியரிங்குக்கு. சீஜி மாதிரி ஒற்றைச் சிலிண்டர் பைக்கில் கிராங்க் அழுத்திச் சேர்த்தது, உள்ளே உருளைப் பியரிங். மெழுகு நூலை எங்கே வைப்பாய்? ஊசித் துவாரத்தில் பூசணிக்காயா?

இங்கே கை போதும். ஆனால் முதலில் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, காய வை. ஒயில் இருந்தால் ஆட்டத்தை மறைத்துவிடும், தேய்ந்த பியரிங்கும் நல்லவன் மாதிரி நடிக்கும். கொன்ரொட்டை மேலே நிறுத்தி, நேராக மேலும் கீழும் இழுத்துத் தள்ளு. ஒரு "டக்" கேட்டாலும் கிராங்க் பிரிக்க வேண்டும். பக்கவாட்டில் ஆடுவது வேறு கதை, அது இருக்கத்தான் வேண்டும், அடிப்பக்கத்தில் பீலர் இலை விட்டு அளக்கலாம். பழகாத பையன்கள் பக்க ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து நல்ல கிராங்கைக் குப்பையில் போடுவதும், மேல்கீழ் ஆட்டத்தை "கொஞ்சம்தானே" என்று விடுவதும் நான் பார்த்துச் சலித்தது.

"கொஞ்சம்" எவ்வளவு என்பதிலும் தகராறு உண்டு. எங்கள் பக்கத்தில் தச்சன் பேசும் நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. லேத்காரர் பேசும் தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.025 மி.மீ. "ரெண்டு நூல் விட்டுப் போடு" என்று ஒருவர் பிஸ்டனுக்குச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ரெண்டு நூலில் பிஸ்டனோடு சேர்ந்து எலியும் ஓடும்.

பெப்ரவரி 3

1ஆம் தேதியிலிருந்து வாகன இறக்குமதி திறந்தாச்சு, இனி எவன் பழைய எஞ்சினைக் கட்டுவான் என்று ஒருவர் கேலி செய்கிறார். 2020 மார்ச்சில் மூடியது, அஞ்சு வருடம் கழித்துத் திறந்திருக்கிறது. புது பைக் விலையைக் கேட்டுவிட்டு வா ராசா, பீலர் கேஜ் எடுத்து வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 8

நுவரெலியாவிலிருந்து ஒரு புலம்பல். ஒரு கராஜில் கம்பிரஷன் கேஜ் (சிலிண்டர் காற்றை அமுக்கும் அழுத்தத்தைக் காட்டும் மானி) போட்டுப் பார்த்து, 130 பிஎஸ்ஐதான் காட்டுகிறது, எஞ்சின் முடிந்தது, இறக்கு என்று சொல்லிவிட்டார்களாம். எஞ்சின் ஒயில் குடிக்கவில்லை, புகையும் இல்லை.

இறக்காதே. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். சிலிண்டர் உறிஞ்சும் காற்றே குறைவு, அதை அமுக்கினாலும் அதே வீதத்தில்தான் குறைவாக வரும். கொழும்பில் 165 காட்டும் எஞ்சின் நுவரெலியாவில் 132 காட்டும். ரெண்டு இடத்திலும் எஞ்சின் அதேதான். புத்தகத்தில் உள்ள எண்ணை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் ஊரில் உள்ள எல்லா எஞ்சினும் செத்ததாகத்தான் தெரியும்.

அதோடு, அளக்கும்போது திரொட்டிலை முழுசாகத் திறந்தார்களா என்று கேள். மூடிக்கொண்டு கிக் அடித்தால் எந்த ஊரிலும் குறைவுதான். சந்தேகம் இருந்தால் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அள. எண் நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கசிவு. ஏறாவிட்டால் வால்வு பக்கம் பார். இதை முதலில் செய்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட வேண்டும்.

மலையில் பிளக் கறுத்துப்போவதும் இதே காற்றுக் குறைவால்தான், ஆனால் அது கார்புரேட்டர் கதை. இங்கே இழுத்தால் இந்தப் பக்கம் முடியாது.

பெப்ரவரி 15

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள தூரம். ஹெட்டைத் தேய்த்திருந்தாலோ, மெல்லிய கேஸ்கெட் போட்டிருந்தாலோ, வேறு பிஸ்டன் வாங்கியிருந்தாலோ இதைப் பார்க்காமல் கிக் அடிக்காதே. வழி எளிது: பிஸ்டன் தலையில் வால்வு வரும் இடத்தில் பிள்ளைகள் விளையாடும் களியை ஒட்டி, மேலே ஒயில் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, டெப்பட் வைத்து, கிராங்கைக் கையால் மெதுவாக ரெண்டு முழுச் சுற்று சுற்று. எங்கேயாவது முட்டினால் அங்கேயே நிறுத்து, பலம் காட்டாதே. கழற்றி, களி மெலிந்த இடத்தை வெட்டி அள. உள்ளே விடும் வால்வுக்கு 1.5 மி.மீ., வெளியே விடும் வால்வுக்கு 2 மி.மீ. இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மிக நெருங்கும் இடம் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நேரம் இல்லை, அதற்குச் சற்று முன்னும் பின்னும். அதனால்தான் முழுச் சுற்று.

ஒரு நாள் இரவில் களி கிடைக்கவில்லை என்று அடுப்படியில் ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டை எடுத்து வைத்தேன். முதல் தடவை மாவு வால்வோடு ஒட்டிக்கொண்டு போனது. ரெண்டாம் தடவை மாவைக் கூட்டி இறுக்கமாகப் பிசைந்தேன், அமுங்கி, நான் கழற்றுவதற்குள் மறுபடி எழும்பி நின்றது. 4 மி.மீ. காட்டியது. அவ்வளவு இருந்தால் அது எஞ்சின் இல்லை, உரல். மாவு வேண்டாம். மெல்லிய ஈயக் கம்பி நல்லது, நசுங்கினால் நசுங்கினதுதான். ரெண்டு ஸ்ட்ரோக் ஆட்களுக்கும் இதே கம்பிதான், பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே விட்டு அமுக்கிப் பார்க்க.

அன்றைக்கு ரொட்டியில் ஒயில் வாசனை அடித்தது என்று இன்றுவரை வீட்டில் பேச்சு.

பெப்ரவரி 16

ரிங் வாய் குறைவாக இருந்தால் அராவலாமா என்ற கேள்விக்கு அன்று பதில் சொல்லாமல் விட்டேன். அராவலாம். ஒரு முனையை மட்டும், அரம் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கிப் போக வேண்டும். திருப்பி அராவினால் முகத்தில் பூசிய குரோம் பொரிந்து கழன்று வரும். ரெண்டு இழுப்பு, ஒரு அளவு. ரெண்டு இழுப்பு, ஒரு அளவு. அவசரப்பட்டு அகலமாக்கினால் ஒட்ட வைக்க முடியாது. கடைசியில் முனையில் பிசிறு இருந்தால் மெல்லிய கல்லால் எடுத்துவிடு.

ரிங்கில் எழுத்து உள்ள பக்கம் மேலே. பள்ளத்தில் போட்டபின் சுற்றி வருகிறதா என்று பார், நூறில் ரெண்டிலிருந்து ஆறு வரை (0.02 முதல் 0.06 மி.மீ.) இடைவெளி போதும். இதற்கு மேல் ஒன்றுமில்லை.

பெப்ரவரி 27

கொட்டகலை எஞ்சின் நேற்று சிவராத்திரி கண்விழிப்பில் கிக் அடித்து எழும்பியதாம். மூன்றாவது கிக்கில். லேத்தில் மறுபடி ஹோன் ஓட்டிய பிறகு ரிங் வாய் மூன்று இடத்திலும் 0.25. பிஸ்டன் பக்கம் 0.04 இலை பிடித்து வந்தது. கொன்ரொட்டில் டக் இல்லை. இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் எழுதுகிறார்: "அண்ணே, மேலே தையல் மெஷின் சத்தம் வருது."

டெப்பட். சீஜிக்கு ரெண்டு வால்வுக்கும் 0.08 மி.மீ., எஞ்சின் குளிராக இருக்கும்போது. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சூடாக இருக்கும்போது அளக்காதே. இந்த எஞ்சினில் கேம் கீழே, கிராங்க் கேசில். ஒரே கேம் முட்டு ரெண்டு வால்வையும் தள்ளுகிறது, நடுவே நீளமான தள்ளுகம்பிகள். சிலிண்டரும் ஹெட்டும் அலுமினியம், கம்பி உருக்கு. சூட்டில் சிலிண்டர் கம்பியைவிட அதிகம் உயரும், இடைவெளி கூடும். சூட்டில் 0.08 வைத்தால் குளிரில் வால்வு சரியாக மூடாது. இரவு முழுக்க ஆற விட்டு, விடிய அள. பிளைவீல் குறி நேராக நின்று, ரெண்டு வால்வும் மூடிய நேரமாக இருக்க வேண்டும். ரெண்டு ரொக்கரையும் (வால்வை அமுக்கும் கைகளை) விரலால் ஆட்டிப் பார், ஆடினால் சரி. ஆடாவிட்டால் இன்னொரு சுற்று.

சத்தம் கொஞ்சம் இருப்பது இந்த எஞ்சினின் சுபாவம். சத்தமே இல்லாமல் ஓடுகிற சீஜி என்றால் எனக்குத்தான் பயம் வரும், டெப்பட் இறுகி வால்வு எரிந்துகொண்டிருக்கும்.

மார்ச் 2

விடியற்காலை அளந்தாராம். வெளி வால்வில் 0.15. அதுதான் தையல் மெஷின். 0.08க்குக் கொண்டுவந்தபின் சத்தம் பாதியாகிவிட்டது.

இந்த எஞ்சினை ரதல்லை ஏற்றத்தில் முதல் நாளே சோதிக்காதே. முதல் சில நூறு கிலோமீட்டர் தலவாக்கலைப் பக்கம் மேடு பள்ளமாக, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டு. நீண்ட ஏற்றத்தில் சூடாகிறது என்று தோன்றினால் நிறுத்து, தேத்தண்ணீர்க் கடை இல்லாத ஏற்றம் நம் பக்கத்தில் இல்லை. முதல் ஒயிலைச் சீக்கிரம் இறக்கு. வெள்ளித் தூள் மாதிரி மினுங்கினால் பயப்படாதே, புது ரிங் படிகிற தூள். செதில் செதிலாக வந்தால் எனக்கு எழுது.

மார்ச் 16

முந்நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டதாம். ஒயிலை இறக்கினார், தூள்தான், செதில் இல்லை. ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டெப்பட் பார்த்திருக்கிறார். உள் வால்வு 0.08, வெளி வால்வு 0.10. ரெண்டையும் 0.08க்கு வை என்று சொன்னேன். முடியாதாம், பீலர் கேஜ் கையில் இல்லை. பாஸ் "ஒரு நாளைக்குத் தா, பார்த்துட்டுத் தர்றேன்" என்று போன வாரம் வாங்கிக்கொண்டு போனவர், கேட்டால் இன்னும் ரெண்டு எஞ்சின் பாக்கி இருக்கிறது என்கிறாராம்.